மின் சைக்கிள் கேள்வி – பதில்: மலை ஏற்றத்தில் தேயும் செயினும் பல்சக்கரங்களும்

மழை ஓய்ந்ததும் நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வருகிற கடிதங்களில் செயின், ஃப்ரீவீல் (பின் சக்கரத்துப் பல்சக்கரத் தொகுப்பு), செயின் வீல் (பெடலோடு இருக்கும் முன் பல்சக்கரம்) பற்றிய கேள்விகளே அதிகம். இந்த இதழில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். படிக்கும் முன் உங்கள் வண்டியில் மோட்டார் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தின் நடுவில் இருந்தால் ஹப் மோட்டார். பெடல் அச்சைச் சுற்றி இருந்தால் நடு மோட்டார். தேய்மானக் கணக்கு இரண்டுக்கும் வேறு வேறு.

பின் சக்கரத்தில் மோட்டார் உள்ள 7 கியர் மின் சைக்கிள் என்னுடையது. ஏற்றத்தில் அழுத்தி மிதித்தால் செயின் பல் தாண்டுகிறது. கடையில் செயின், ஃப்ரீவீல், செயின் வீல் மூன்றையும் ஒன்றாக மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா?
– வாசகர், கோத்தகிரி

அளந்து பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். 12 அங்குல இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். செயினைத் துடைத்துவிட்டுப் பின் பிரேக்கைப் பிடித்தபடி பெடலை லேசாக அழுத்துங்கள். மேல்பக்கச் செயின் விறைப்பாக நிற்கும். ஏதாவது ஒரு செயின் ஆணியின் நடுவில் ஸ்கேலின் தொடக்கக் கோட்டை வைத்து, 24 கண்ணி தள்ளி இருக்கும் ஆணியைப் பாருங்கள். புதுச் செயினில் அது சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மி.மீ.யில் நிற்கும். ஒன்றரை மி.மீ. தள்ளி நின்றால் தேய்மானம் 0.5 சதவீதம். 2.3 மி.மீ. என்றால் 0.75. 3 மி.மீ. என்றால் 1 சதவீதம்.

7 கியர் செயினை 0.75 வந்ததும் மாற்றிவிடுங்கள். அந்த அளவில் மாற்றினால் ஃப்ரீவீல் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 1 சதவீதத்தைத் தாண்டவிட்டால் ஃப்ரீவீலும் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். செயின் நீள்வது தகடு இழுபட்டு அல்ல. ஆணியும் அதைச் சுற்றிய துளையும் ஒன்றோடொன்று உரசித் தேய்வதால் ஒவ்வொரு கண்ணியும் மயிரிழை தள்ளி உட்காருகிறது. தள்ளி உட்காரும் செயின் பல்லின் முகத்தையும் அதே அளவுக்குக் குடைந்துவிடும். அப்படிக் குடைந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அது பள்ளத்தில் இறங்காமல் மேலேறித் தாண்டும். 'செயின் புதுசு மாற்றின பிறகுதான் தாண்டுகிறது' என்று பலர் எழுதுவதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. எந்த கியரில் தாண்டுகிறது? ஒன்றிரண்டு கியரில் மட்டும் என்றால் அந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. நீங்கள் அதிகம் ஓட்டும் கியராகத்தான் அது இருக்கும். எல்லா கியரிலும் ஒரே சீரான இடைவெளியில் தாண்டினால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கலாம். பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, பின் டீரெய்லரின் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கருவி) சிறு உருளைகளைக் கவனியுங்கள். இறுகிய கண்ணி அங்கே வளையாமல் துள்ளும். எண்ணெய் விட்டுப் பக்கவாட்டில் விரலால் அசைத்தால் பல நேரம் சரியாகும். பல் தாண்டாமல் பெடல் மட்டும் திடீரென்று வெறுமையாக இறங்கினால் கோளாறு ஃப்ரீவீலுக்குள் இருக்கும் சிறு நாக்குகளில். அதற்குச் செயின் மாற்றிப் பயனில்லை.

செயின் வீல் இவற்றில் கடைசியாகத் தேயும். அதன் முன்பக்க நடுவில் செயினை விரலால் முன்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி உயரத்துக்கு மேல் வெளியே தெரிந்தால் செயினோ செயின் வீலோ தேய்ந்திருக்கிறது. புதுச் செயினைப் போட்ட பிறகும் அப்படியே தெரிந்தால் செயின் வீலை மாற்றலாம். பல்லின் முனை ஒருபக்கம் சாய்ந்து கொக்கிபோல் ஆகியிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். இரண்டும் இல்லையென்றால் கடைக்காரர் சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் சாலையோரச் செம்மண் செயினில் அரைத்த விழுதுபோல் ஒட்டிக்கொள்ளும். அந்த மூன்று மாதமும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறை போதும்.

ஹப் மோட்டார் சக்கரத்திலிருந்து ஃப்ரீவீலை வீட்டிலேயே கழற்ற முடியுமா? இங்கே ஒரு கடையில் 'கழலாது, மோட்டாரையே மாற்ற வேண்டும்' என்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், குன்னூர்

கழலும். சாதாரண சைக்கிளில் இருப்பதுபோலத்தான் மரையில் திருகியிருக்கிறது. வித்தியாசம் இரண்டு. மோட்டார் அச்சு தடிமனானது. பல மோட்டார்களில் கேபிளும் அச்சின் வழியே வெளியே வருகிறது. கடையில் இருக்கும் பழைய ஃப்ரீவீல் ரிமூவரின் துளை 10 மி.மீ. அச்சுக்கு ஏற்றது. 12 மி.மீ. மோட்டார் அச்சில் அது ஏறாது. கழலாது என்று சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அகலத் துளையுள்ள, 12 வரிப்பல் கொண்ட ரிமூவர் கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன் ஃப்ரீவீலின் உள்வாயை எட்டிப் பாருங்கள். வரிவரியாகப் பல் இருந்தால் அந்த ரிமூவர். இரண்டு அல்லது நான்கு வெட்டுப்பள்ளம் மட்டும் இருந்தால் அதற்கான ரிமூவர் வேறு. கேபிள் ஃப்ரீவீல் பக்கமாக வந்தால், அதன் முனையில் உள்ள இணைப்பானும் ரிமூவர் துளைக்குள் நுழைய வேண்டும். அதையும் அளந்துகொள்ளுங்கள்.

முதலில் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். அச்சின் இரு பக்கமும் நட்டு, வாஷர் எந்த வரிசையில் இருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது ரொம்பவே உதவும். ஃபிரேமின் கீழ்க்குழாயை ஒட்டி மோட்டார் கேபிளின் இணைப்பான் இருக்கும். அதை நேராக இழுங்கள், முறுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் முட்கள் மெல்லியவை, ஒன்று வளைந்தாலும் மோட்டார் ஓடாது. செயினைப் பின்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றி, 18 அல்லது 19 ஸ்பேனரால் அச்சு நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை வெளியே எடுங்கள்.

அச்சில் இருக்கும் வாஷர், ஸ்பேசர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ரிமூவரை வரிப்பல்லில் முழுவதும் உட்காரவைத்து, அச்சு நட்டை அதன்மேல் கையால் போட்டு நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அழுத்தும்போது ரிமூவர் நழுவி வரிப்பல் சிதையும், அதன் பிறகு உண்மையாகவே கழற்ற முடியாது. இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். நீளமான ஸ்பேனரைவிட பெஞ்ச் வைஸ் நல்லது. ரிமூவரை வைஸில் கடித்து, சக்கரத்தையே இரண்டு கையாலும் பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். லேசாக இளகியதும் நிறுத்தி, அச்சு நட்டைத் தளர்த்திவிட்டுத்தான் தொடர வேண்டும். மறந்தால் ஃப்ரீவீல் வெளியே வரவர நட்டில் முட்டி மரையைக் கெடுக்கும்.

இளகவே இல்லையென்றால் துருநீக்கி எண்ணெயை மரைப் பக்கம் விட்டு ஓர் இரவு வையுங்கள். ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை இறுக்கிக்கொண்டே வருவதால் ஏற்றத்தில் ஓடிய வண்டியில் பிடிப்பு அதிகமாகத்தான் இருக்கும். உளி வைத்துத் தட்டுவதும் கேஸ் விளக்கில் சூடாக்குவதும் கூடாது. மோட்டார் உறை அலுமினியம், உள்ளே காந்தம், நைலான் பல்சக்கரம், ரப்பர் சீல் எல்லாம் இருக்கின்றன.

புது ஃப்ரீவீலைப் போடும்போது மரையைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். முதல் மூன்று நான்கு சுற்று கையால் மட்டுமே திருக வேண்டும். மரை மிக நெருக்கமானது. கோணலாக ஏறினால் அலுமினிய மரை அரைந்து மோட்டார் உறையே பாழாகும். இந்த வேலையில் பெரிய நஷ்டம் வரக்கூடிய ஒரே இடம் இது. கையில் இறுகினால் திருப்பி எடுத்து மறுபடி தொடங்குங்கள். முழுவதும் ஏறியதும் ஸ்பேனரால் அழுத்தி இறுக்கத் தேவையில்லை. மிதிக்க மிதிக்கத் தானே இறுகும்.

சக்கரத்தை மாட்டுகையில் நாக்கு வைத்த வாஷரின் நாக்கு ஃபிரேமின் அச்சுப் பள்ளத்துக்குள் இறங்கியிருக்க வேண்டும். மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது அச்சு பின்னோக்கிச் சுழலப் பார்க்கும். அதைத் தடுப்பது இந்த நாக்கும் நட்டின் இறுக்கமும்தான். 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு. டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால், 20 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 18 முதல் 20 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம். இது தளர்ந்தால் அச்சு ஒரே சுற்றில் கேபிளை முறுக்கி அறுத்துவிடும். சிறிய பல்லில் செயின் ஓடும்போது ஃபிரேமில் உரசுகிறதா என்று பாருங்கள். உரசினால் அச்சில் 1 அல்லது 2 மி.மீ. வாஷர் ஒன்று சேர்க்க வேண்டும். கேபிள் அச்சிலிருந்து கீழ்நோக்கி வளைந்து பிறகு மேலேறட்டும். மழைநீர் கேபிள் வழியே மோட்டாருக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும். இணைப்பானில் இரு பக்கமும் அம்புக்குறி இருக்கும். அவை நேருக்கு நேர் வந்த பிறகு அழுத்துங்கள்.

என்னுடையது நடு மோட்டார் வண்டி, 10 கியர். தம்பியுடையது ஹப் மோட்டார். ஒரே பாதையில்தான் ஓட்டுகிறோம். என் செயின் மட்டும் சீக்கிரம் தேய்கிறது. தரமில்லாத செயினா?
– வாசகர், உதகமண்டலம்

செயினைக் குறை சொல்ல முடியாது. தம்பியின் வண்டியில் மோட்டார் சக்கரத்தை நேரே சுற்றுகிறது, செயினில் போவது அவர் கால்பலம் மட்டும். உங்கள் வண்டியில் கால்பலமும் மோட்டார் பலமும் இரண்டுமே செயின் வழியாகத்தான் போக வேண்டும். ஒருவர் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்து 150 வாட் தந்தால் பெடல் அச்சில் விழும் முறுக்கு விசை சுமார் 24 நியூட்டன் மீட்டர். நடு மோட்டார் அதோடு இன்னும் 50, 60 சேர்த்தால் செயினின் இழுவிசை மூன்று மடங்கைத் தாண்டிவிடும்.

அந்தச் சுமையோடு கியர் மாற்றுவதுதான் செயினைக் கொல்கிறது. ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் நொடியில் செயின் பக்கவாட்டில் வளைகிறது. அப்போது முழு இழுவிசையும் இருந்தால் தகடு ஆணியிலிருந்து பிதுங்கும். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு கியரைத் தேடாதீர்கள். வளைவுக்கு இருபது முப்பது மீட்டர் முன்பே பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் நொடியில் கால் அழுத்தத்தை விடுங்கள், பெடல் மட்டும் சுற்றட்டும். முறுக்கு விசை உணரி (பெடலை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அளப்பது) உள்ள வண்டியில் அழுத்தம் குறைந்ததும் மோட்டாரும் தணியும். வெறும் சுழற்சி உணரி (பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்ப்பது) உள்ள வண்டியில் பிரேக் பிடியை லேசாகத் தொட்டால் மோட்டார் நிற்கும். அந்த இடைவெளியில் மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒரு கியர் மட்டும்.

உங்கள் 10 கியர் செயினை 0.5 சதவீதத்திலேயே மாற்றுங்கள், 0.75 வரை காத்திருக்க வேண்டாம். ஹப் மோட்டார்க்காரர்களுக்குச் சொன்னதைவிட இது கண்டிப்பான அளவு, ஏனென்றால் உங்கள் பின் கேசட்டின் (பின் பல்சக்கரங்களின் தொகுப்பு) விலை அதிகம். இப்படி மாற்றினால் ஒரு கேசட்டில் இரண்டு மூன்று செயின் ஓட்டலாம். மின் சைக்கிளுக்கென்றே வரும் செயின்களில் ஆணியின் முனை பலமாக அடிக்கப்பட்டிருக்கும், அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை தகும். 10 கியரும் அதற்கு மேலும் உள்ள செயின்களின் விரைவு இணைப்புக் கண்ணியை ஒருமுறை கழற்றினால் பெரும்பாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. புதுசு ஒன்று கைவசம் இருக்கட்டும்.

கேசட்டின் லாக்ரிங்கை (பூட்டு வளையம்) 40 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும். முன் செயின் வீலைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: சில நடு மோட்டார்களில் அதன் லாக்ரிங் இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். எந்தப் பக்கம் திருப்புவது என்று உங்கள் மாடலின் கையேட்டில் பார்த்த பிறகே ஸ்பேனரை வையுங்கள். 2014இல் வந்த பாஷ் இரண்டாம் தலைமுறை மோட்டார் போன்றவற்றில் முன் செயின் வீல் மிகச் சிறியது. பெடல் ஒரு சுற்று சுற்றினால் அது இரண்டரை சுற்று சுற்றும். பல் குறைவு, சுற்று அதிகம், ஆகவே அங்கே செயின் வீலையும் செயினோடு சேர்த்தே சோதிக்க வேண்டும்.

செயினுக்கு எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய், பழைய இன்ஜின் ஆயில், கிரீஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, கொடைக்கானல்

மூன்றும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். கொடைக்கானல் காலைகளில் அது கண்ணிக்குள் கட்டியாகத்தான் நிற்கும். பழைய இன்ஜின் ஆயிலில் இன்ஜினின் இரும்புத் துகள் கலந்திருக்கிறது, அதைக் கொண்டுபோய்ச் செயினில் விடுவது உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். கிரீஸ் ஆணி வரை இறங்காது, வெளியே நின்று மண்ணைப் பிடித்து வைக்கும்.

பனியும் தூறலும் உள்ள ஊருக்கு சைக்கிள் கடையில் கிடைக்கும் 'வெட் லூப்' என்ற செயின் எண்ணெய் பொருத்தம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் செயினைத் துடைத்துக் காயவிட்டு, உள்பக்கமாக ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விடுங்கள். பெடலைப் பின்னோக்கி இருபது முறை சுற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, வெளியே தெரியும் எண்ணெய் முழுவதையும் துடைத்துவிடுங்கள். வேலை செய்வது உள்ளே போன எண்ணெய்தான். டிஸ்க் பிரேக் தகட்டின்மேல் ஒரு துணியைப் போர்த்திய பிறகு இதைச் செய்யுங்கள். பெட்ரோல் தீப்பிடிக்கும், தவிர்த்துவிடுங்கள். கார் கழுவும் அழுத்தக் குழாயை மோட்டார், ஃப்ரீவீல் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

பெடல் அச்சு செட்டும் கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை) மாற்றினேன். அதன் பிறகு ஆக்சிலேட்டர் திருகினால் மோட்டார் ஓடுகிறது, மிதித்தால் ஓடுவதில்லை.
– வாசகர், கூடலூர்

மோட்டாரும் அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரும் நலம். கோளாறு பெடல் உணரியில். பெடல் அச்சில் சிறு காந்தங்கள் பதித்த பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும், அதன் எதிரே ஃபிரேமில் உணரி. வண்டியைத் தூக்கி நிறுத்திப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். அப்போது மோட்டார் ஓடினால் வளையத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள். காந்தங்களின் வரிசையை வைத்துத்தான் உணரி திசையை அறிகிறது.

இரண்டு பக்கமும் ஓடவில்லையென்றால் இடைவெளியைப் பாருங்கள். வளையத்துக்கும் உணரிக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. இருக்கலாம். புது அச்சு பழையதைவிட நீளமாக இருந்தால் கிராங்க் வெளியே தள்ளி நின்று இடைவெளி கூடிவிடும். அதே நீளத்தில் அச்சு வாங்குவதுதான் சரியான தீர்வு, செயின் வீலும் நேர்கோட்டுக்கு வரும். அடுத்ததாக, உணரியின் மூன்று முள் இணைப்பானில் ஏதாவது முள் வளைந்திருக்கிறதா என்று சோதியுங்கள்.

இந்த வேலையை இனிச் செய்யப்போகிறவர்களுக்கு: இடது பெடல் இடது மரை. பெடல் அச்சு செட்டில் வலப்பக்கக் கிண்ணம் இடது மரை. கிராங்க் போல்ட்டை 35 முதல் 40 நியூட்டன் மீட்டரில் இறுக்கி, 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த கிராங்க் தன் சதுரத் துளையைத் தானே தேய்த்து வட்டமாக்கிவிடும்.

பள்ளிக்குப் போகும் வழியில் செங்குத்தான ஏற்றம். சில நாளாக மோட்டாரிலிருந்து கரகரவென்று சத்தம். இப்போது 'விர்ர்' என்று சுற்றும் சத்தம் கேட்கிறது, வண்டி இழுப்பதில்லை. மோட்டார் எரிந்துவிட்டதா?
– ஆசிரியை, கேத்தி

எரிந்த மோட்டார் இப்படிச் சுற்றாது. உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரங்கள் போயிருக்க வேண்டும். இதுவும் செயின்போலத் தேயும் பாகம்தான், மாற்றலாம். 250 வாட் ஹப் மோட்டார்களில் பெரும்பாலானவற்றில், மோட்டார் சக்கரத்தைவிட நான்கைந்து மடங்கு வேகமாகச் சுற்றும். அந்த வேகத்தைக் குறைத்துப் பலமாக மாற்றுபவை மூன்று நைலான் பல்சக்கரங்கள். சத்தத்தை வைத்தே பிரித்து அறியலாம். சத்தமே இல்லை என்றால் மின் இணைப்பு. உதறி உதறி நின்றால் மோட்டார் கம்பிகளில் ஒன்று துண்டித்திருக்கிறது. சுற்றும் சத்தம் மட்டும் கேட்டு இழுக்காவிட்டால் பல்சக்கரம், அல்லது அதனோடு இருக்கும் ஒருவழிக் கிளச்.

மெக்கானிக்கிடம் கொடுத்தால் இவற்றைச் சொல்லுங்கள். உறையின் திருகுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். உள்ளே காந்தத்தின் இழுப்பு பலமானது, விரல் சிக்கும். பல்சக்கரம் ஒன்று மட்டும் உடைந்திருந்தாலும் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். வாங்கும்போது பல் எண்ணிக்கை, வெளிவிட்டம், துளை விட்டம், தடிமன் ஆகிய நான்கும் பழையதோடு பொருந்த வேண்டும். உடைந்த நைலான் துகள் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. பிளாஸ்டிக்குக்கு ஏற்ற செயற்கை கிரீஸைப் பல்லில் மெல்லிதாகத் தடவினால் போதும். அள்ளி அடைத்தால் கிரீஸ் கிளச்சுக்குள் போய் அதன் பிடிப்பு போய்விடும், பழைய நோய் திரும்பும்.

இனி ஏற்றத்தில் நின்ற நிலையிலிருந்து ஆக்சிலேட்டரை மட்டும் திருகிக் கிளம்பாதீர்கள். நைலான் பல் உடைவது பெரும்பாலும் அந்த முதல் இழுப்பில்தான். இரண்டு மிதி மிதித்து வண்டி நகர்ந்த பிறகு மோட்டாரைக் கூப்பிடுங்கள்.

28 பல் ஃப்ரீவீலுக்குப் பதில் 34 பல் போட்டால் ஏற்றம் எளிதாகுமா? மோட்டாரின் இழுவை கூடுமா?
– விவசாயி, பண்ணைக்காடு

முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. ஹப் மோட்டாருக்கு கியர் தெரியாது. ஆனால் உங்கள் கால் எளிதாகச் சுற்றினால் மோட்டாரின் சுமை குறையும்.

கணக்கு இது. முன்னால் 42 பல், பின்னால் 28 பல், 27.5 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.15 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி என்றால் வேகம் மணிக்கு 11.6 கி.மீ. அதைவிட வேகம் குறைந்தால் கால் திணறும். 34 பல் போட்டால் அதே 60 மிதிக்கு 9.6 கி.மீ. முன் செயின் வீலையும் 36 ஆக்கினால் 8.2 கி.மீ. வண்டி, ஆள், மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைப்போம். 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறும் சாலையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போக 210 வாட்டுக்குச் சற்று மேல் தேவை. நீங்கள் நிதானமாக மிதித்தாலே 75 முதல் 100 வாட் தருவீர்கள். மிதிக்க முடியாமல் காலை நிறுத்தினால் முழுவதும் மோட்டார் தலையில் விழும். வேகம் குறையக் குறைய, எடுத்த மின்சாரத்தில் வெப்பமாக வீணாகும் பங்கு கூடும்.

மாற்றும்போது மூன்றைக் கவனியுங்கள். உங்கள் பின் டீரெய்லர் 34 பல்லைத் தாங்கும் மாடலா? 28 வரை மட்டும் என்றால் அதையும் மாற்ற வேண்டும். செயின் நீளம் போதுமா? பெரிய பல் 6 கூடினால் செயின் 3 கண்ணி நீள வேண்டும், இரட்டையாகத்தான் சேர்க்க முடியும் என்பதால் 4. புதுச் செயினை வெட்டுவதானால், டீரெய்லருக்குள் விடாமல் முன் பெரிய பல்லையும் பின் பெரிய பல்லையும் சுற்றிப் பிடித்து, சந்திக்கும் இடத்திலிருந்து 2 கண்ணி கூடுதலாக வைத்து வெட்டுங்கள். கடைசியாக, டீரெய்லரின் மேல் உருளை 34 பல்லில் உரசாமல் 5, 6 மி.மீ. விலகி நிற்கும்படி அதன் பின்னால் உள்ள சிறு திருகை வலஞ்சுழியாகத் திருப்புங்கள். 7 கியரில் 34 பல் உள்ள பல ஃப்ரீவீல்களில் 24க்கு அடுத்தது நேரே 34. அந்தத் தாவலை ஏற்றம் தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

பெருமாள்மலையிலிருந்து மேலே வரும்போது செயின் அறுந்தால் என்ன செய்வது?
– வாசகர், பெருமாள்மலை

அறுந்த செயினை முதலில் முழுவதும் உருவி எடுத்துப் பையில் போடுங்கள். தொங்கவிட்டால் சக்கரக் கம்பியில் சிக்கும். ஹப் மோட்டார் என்றால் வண்டி ஓடும். ஆக்சிலேட்டர் இல்லாவிட்டாலும், சுழற்சி உணரி உள்ள வண்டியில் வெறும் பெடலைச் சுற்றினாலே மோட்டார் வேலை செய்யும். செங்குத்தில் மட்டும் இறங்கித் தள்ளுங்கள். நடு மோட்டாரானால் செயின் இல்லாமல் ஓர் அடிகூட நகராது.

பையில் மூன்று பொருள் இருக்கட்டும்: சிறிய செயின் கட்டர், உங்கள் செயினுக்குரிய விரைவு இணைப்புக் கண்ணி இரண்டு, பழைய செயினிலிருந்து வெட்டிய 4 கண்ணித் துண்டு. 6, 7, 8 கியர் செயினுக்கு ஒரே இணைப்புக் கண்ணி பொருந்தும், 9க்கும் 10க்கும் பொருந்தாது. அறுந்தது வெளித்தகடு என்றால் மிச்சத்தை எடுத்துவிட்டு அங்கே இணைப்புக் கண்ணியைப் போட்டால் நீளம் குறையாது. உள்கண்ணி உடைந்திருந்தால் அந்தத் துண்டைச் சேருங்கள். சேர்க்காமல் குறுக்கி இணைத்தால் பெரிய பல்லுக்கு மாற்றும்போது டீரெய்லரே பிய்ந்து வரும், ஏற்றத்தில் தேவைப்படுவதோ அந்தப் பெரிய பல். இணைப்புக் கண்ணியை மேல்பக்கம் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துப் பெடலை அழுத்தினால் 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும்.

கியர் இல்லாத மின் சைக்கிள். செயின் அடிக்கடி கழன்று விழுகிறது.
– வாசகர், வெலிங்டன்

செயினின் நடுப்பகுதியை மேலும் கீழும் அசைத்தால் மொத்தம் 10 முதல் 15 மி.மீ. ஆட வேண்டும். அதைவிட அதிகம் ஆடினால் அச்சு நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தைப் பின்னே இழுத்து, ரிம் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து இறுக்குங்கள். பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றி நாலைந்து இடத்தில் சோதியுங்கள். ஓரிடத்தில் இறுக்கமும் இன்னோர் இடத்தில் தளர்வும் மாறி மாறி வந்தால் செயின் வீல் வளைந்திருக்கிறது, அல்லது ஒருபக்கம் தேய்ந்திருக்கிறது. இழுக்க இடமில்லாத அளவுக்கு அச்சு பள்ளத்தின் கடைசிக்குப் போய்விட்டால், கண்ணி வெட்டிக் குறைக்க நினைக்க வேண்டாம். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கியர் இல்லாத வண்டியில் 1 சதவீதம் வரை ஓட்டலாம், அதைத் தாண்டியிருந்தால் புதுச் செயின்தான். வாங்கும்போது அகலத்தைச் சொல்லிக் கேளுங்கள்: பல் தடித்த ஒற்றை ஃப்ரீவீலுக்கு எட்டில் ஒரு அங்குலச் செயின். கியர் வண்டிக்கான மெல்லிய செயின் அந்தப் பல்லில் இறங்காது.